போர் வேண்டாம் என்பவருக்கு என்ன பெயர்

2025 மே 8, வியாழக்கிழமை. எங்கள் அன்பியத்தின் வாட்ஸப் குழுவில் அன்று காலை வந்த குறிப்பு இது: “போர் வேண்டாம். இரண்டு பக்கமும் அம்மாக்கள் இருக்கிறார்கள். என் அண்ணன் பத்திரமாகத் திரும்பி வர எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.”

அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழு. நீலகிரியில் ராணுவ ஊரான வெலிங்டனில், பஜாருக்குக் கீழே படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கும் எங்கள் சந்தில் அப்படி ஒன்று உண்டு. குறிப்பை எழுதியவள் சந்தின் நடுவில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் மகள். குன்னூரில் கல்லூரிக்குப் போகிறாள். அவள் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான். அந்த வாரம் வடக்கே எல்லையில் சண்டை மூண்டிருந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவனிடமிருந்து போன் இல்லை.

மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. எழுதியவர் ஹவில்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆனாலும் எங்களுக்கு அவர் பெயர் அதுதான். “இது கோழைகள் பேசும் பேச்சு. அண்ணன் எல்லையில் நிற்கும் வீட்டில் இப்படி ஒரு பெண்ணா?” அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக நின்றன. பிறகு வேறு யாரோ ஒருவர் ‘துரோகி’ என்று எழுதினார். அதற்கும் இரண்டு கட்டைவிரல்கள்.

நான் தேதிகளையும் சொற்களையும் குறித்து வைக்கும் ஆள். ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததில் வந்த பழக்கம். எந்தச் சொல்லை, எந்த ஊரில், யார், எப்போது சொல்லக் கேட்டேன் என்று எழுதி வைப்பேன். போரை எதிர்ப்பவர்களைக் குறிக்கும் சொற்களையும் சில வருடங்களாகவே சேர்த்து வந்தேன். எனவே குழுவில் நடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. உட்கார்ந்து நீளமாக எழுதினேன்.

ஆங்கிலத்தில் ‘பசிபிஸ்ட்’ என்ற சொல்லுக்கு நூற்றிச் சொச்சம் வயதுதான் ஆகிறது, பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கு முன்பும் போரை வெறுத்தவர்கள் உண்டு, அவர்களுக்குத்தான் ஒற்றைப் பெயர் இல்லை என்று ஆரம்பித்தேன். மனச்சான்றின் பெயரால் மறுப்பவர் என்ற தொடர் முதலில் ஆயுதத்தைத் தொட மறுத்தவர்களுக்கு வந்ததல்ல, இங்கிலாந்தில் அம்மைத் தடுப்பூசியை மறுத்த பெற்றோர்களுக்கு வந்தது என்று சொன்னேன். தமிழில் பத்திரிகைகள் ‘போர் எதிர்ப்பாளர்’ என்கின்றன, மேடையில் ‘சமாதானவாதி’ என்கிறார்கள், கட்டுரைகளில் ‘போர் மறுப்பாளர்’ என்று வருகிறது, இவற்றில் எதுவும் கோழை என்ற பொருள் தராது, ஆகவே அந்தப் பெண்ணைப் போர் மறுப்பாளர் என்றே மரியாதையாக அழைக்கலாம் என்று முடித்தேன்.

அனுப்பிய சூட்டோடு ஹவில்தாரின் பதில் வந்தது. “மறுப்பவன் என்றால் எங்கள் இடத்தில் சார்ஜ் ஷீட். எதிர்ப்பாளர் என்றால் யாரை எதிர்க்கிறார்? என்னையா, அவள் அண்ணனையா?”

என் மனைவி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

“ஏனுங்க, ஊசி மருந்து செஞ்சு ஊரெல்லாம் அனுப்பற குன்னூர்ல உக்காந்துட்டு, ஊசி வேணாம்னவங்களோட அந்தப் புள்ளயச் சேத்து எழுதிருக்கீங்க. துரோகின்னு சொன்னது பத்தலீங்களா?”

“ஆதரவாத்தானே எழுதினேன்.”

“ஆதரவா எழுதறவுங்க சுருக்கா எழுதுவாங்க.”

இதில் இன்னொரு சங்கதி இருந்தது. மே மாதம் மாதா வணக்க மாதம். மாதம் முழுவதும் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் செபமாலை நடக்கும். மாதா சொரூபம், அதாவது சிலை, ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரரே அதைக் கையில் ஏந்தி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வேறு யாரும் தூக்குவதில்லை. எந்த வீட்டையும் தாண்டிப் போவதும் இல்லை. ஒரு வருடம் ஒரு வீட்டில் அம்மை போட்டிருந்தபோதுகூட வாசற்படிவரை கொண்டுபோய்ச் செபித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். வியாழக்கிழமை செபமாலை ஹவில்தார் வீட்டில். வெள்ளிக்கிழமை தையல்காரம்மா வீட்டில். அதாவது, எந்தப் பெண்ணைக் கோழை என்றாரோ அவள் வீட்டுக்கு மாதாவை ஹவில்தார்தான் சுமந்துபோக வேண்டும். போகாவிட்டால் அந்த வீட்டைத் தாண்டி மாதா போனாள் என்ற பேச்சு இந்தச் சந்தில் தலைமுறைக்கும் நிற்கும்.

வியாழக்கிழமை மாலை ஹவில்தார் வீட்டுக்குத் தையல்காரம்மா தனியாக வந்தார். கடைசி வரிசையில் முழங்காலிட்டுக்கொண்டார். செபம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்காரர் எழுந்து அழைப்பது வழக்கம். அவர் எழுந்தார்.

“நாளைக்கு மாதா எங்க ஊட்டுக்கு வர்றாங்க. எல்லாரும் வந்துருங்க.”

யாரும் ‘சரி’ என்று சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா இரக்கமான குரலில் சொன்னார்: “பையன் போன் வராம நீயே வெசனத்துல இருக்கற. இந்த வருஷம் உனக்கெதுக்கு சிரமம்? நேரா எங்க ஊட்டுக்கு வந்துரட்டும் கண்ணு.”

“கடலை ஊறப் போட்டாச்சுங்க,” என்றார் தையல்காரம்மா.

ஹவில்தார் சொரூபத்தின் மாலையைச் சரிசெய்வதுபோல எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். 

வெள்ளி காலை தையல்காரம்மாவின் கடைக்குப் போனேன். பஜாரில் ஒற்றைக் கதவுக் கடை. ராணுவப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்குச் சட்டையில் பெயர்ப்பட்டி தைப்பது, கைப்பட்டையில் கோடு தைப்பது, தளர்ந்த பட்டனை இறுக்குவது, இதுதான் வேலை. அன்று கடை வாசலில் கூட்டம். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த ராணுவப் பையன்களை உடனே திரும்பச் சொல்லிவிட்டார்கள். பையும் தோளுமாக நின்று பட்டன் தைத்து வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

கூட்டம் குறைந்ததும் அவர் தலை நிமிராமலே பேசினார்.

“அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்கம்மா.”

“இனி எழுதாதீங்க. நீங்க எழுத எழுத எம்பட பொண்ணுக்குப் பேரு கூடிக்கிட்டே போவுது. நேத்துக் காத்தால அவ வெறும் பொண்ணு. மத்தியானம் கோழை. அப்பறம் துரோகி. பொழுதுக்கு நீங்க வேற ஒண்ணு வெச்சீங்க, அது வாயிலயே நொழைய மாட்டேங்குது.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு ஊசியில் நூல் கோக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

“அந்த மெசேஜ அழிச்சுருன்னு சொன்னேன். மாட்டேங்கறா. அண்ணன் வரட்டும்னுதான எழுதினேன், அத எதுக்கு அழிக்கோணும்ங்கறா. அவ சொல்றதும் சரிதானே? ஹவில்தார் அண்ணன் கெட்டவரில்லீங்க. இவுங்கப்பா போனதுக்கப்பறம் பையனக் காலங்காத்தால எழுப்பி, லாலி ரோட்டுல ஓட வெச்சுப் பழக்குனதே அவருதான். இன்னைக்கு அவரு மாதாவக் கொண்டு வரலீன்னா நான் தாங்கிக்குவேன். எம்பொண்ணு தாங்க மாட்டா. கோயிலுக்கே வரமாட்டேன்னுருவா.”

வீட்டுக்கு வந்து என் சொல் சேகரிப்பை எடுத்துப் பார்த்தேன். நேற்று குழுவில் போடாத இரண்டு குறிப்புகள் கண்ணில் பட்டன. ஒன்று, கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இலங்கையிலிருந்து வந்த ஒரு பெண்மணி சொன்னது. அங்கே சண்டைக் காலத்தில் எந்தப் பக்கமும் சேராதவர்களை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டிருந்தேன். “அதுக்கெல்லாம் பேர் இல்லீங்க, சும்மா இருந்த ஆக்கள்” என்றார். மற்றது பழைய தமிழிலிருந்து. பகைத்து நின்ற இரண்டு அரசர்களுக்கு நடுவே போய்ப் போரை நிறுத்துவதைச் சந்து செய்வித்தல் என்றார்கள். செய்த காரியத்துக்குப் பெயர் இருக்கிறது. செய்த ஆளுக்குத் தனிப்பெயர் வைத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. வைக்கத் தோன்றவில்லையா, தேவைப்படவில்லையா? அன்று மத்தியானம் அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். சாதி, கட்சி, ரெஜிமெண்ட் என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துக்கொள்ளும் நாம், போர் வேண்டாம் என்கிறவரைத் திட்டுவதற்குத்தான் சுருக்கமான சொற்கள் வைத்திருக்கிறோம். பாராட்டும் சொற்கள் எல்லாம் மொழிபெயர்ப்புச் சட்டை போட்டு நிற்கின்றன.

மாலையில் தூறல் பிடித்தது. மூடுபனி சந்தில் இறங்கியிருந்தது. தையல்காரம்மா வீட்டுக்கு நானும் மனைவியும் முதலில் போனோம். முன்னறையில் தையல் மெஷினை ஓரம் தள்ளி, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் சொரூபத்துக்கு இடம் விட்டு, இருபுறமும் மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். அண்ணன் சீருடையில் இருக்கும் படம் பின்சுவரில். உள்ளேயிருந்து சுண்டல் தாளிக்கும் வாசம். நான்கைந்து பேர் வந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் மேசையைப் பார்த்தார்கள். காலியாக இருந்தது. பிறகு அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

செபமாலை தொடங்கும் நேரம் ஆகிவிட்டது. ஹவில்தார் வரவில்லை.

“நான் போய்ப் பேசிட்டு வர்றேன்,” என்று எழுந்தேன்.

“போயி அங்கயும் அகராதி படிக்கப் போறீங்களா? உக்காருங்க,” என்றாள் மனைவி.

அப்போதுதான் அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். அந்தக் குறிப்புக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. முகம் வாடியிருந்தது. ஆனால் தலை வாரிப் பூ வைத்திருந்தாள். மூலையில் மாட்டியிருந்த பெரிய குடையை எடுத்தாள்.

“எங்கடி?” என்றார் அம்மா.

“மாதாவக் கூட்டிட்டு வர.”

“அவுங்கதாண்டி கொண்டாரோணும்.”

“மழ பெய்யுதும்மா. கொட யாரு புடிப்பாங்க?”

அவள் படி ஏறினாள். மனைவி இந்த முறை என்னைத் தடுக்கவில்லை. டார்ச்சைக் கையில் கொடுத்து, “வழுக்கும், பாத்துப் போங்க. வாயத் தொறக்காதீங்க,” என்றாள்.

ஹவில்தார் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவர் வெளுத்த சட்டை போட்டு, ஷூ மாட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே மேசைமேல் மாதா. புறப்படத் தயாராகி அப்படியே உட்கார்ந்துவிட்ட தோற்றம். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும், “ஒரு மணி நேரமா இப்படியேதான் இருக்காரு கண்ணு. நீயாவது கேளு,” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

பெண் வாசலிலேயே நின்றாள். “அங்கிள், நேரமாச்சு.”

அவர் தன் ஷூ முனையைப் பார்த்தார்.

“என்மேல கோவம்னா நான் வேணா உள்ரூம்ல இருந்துக்கறேன். அம்மாவுக்காக வாங்க.”

“கோவம் என்ன கோவம்,” என்றார் அவர்.  “உங்கண்ணன ஓட விட்டுப் பழக்குனவன் நான். கயிறு ஏற வெச்சவன் நான். போகமாட்டேன், கடை பாக்கறேன்னவனத் தள்ளி விட்டவன் நான். மூணு நாளா அவனுக்குப் போன் போட்டுப் போட்டுப் பாக்கறேன், சுவிட்ச் ஆஃப்ங்குது. உங்கம்மா மூஞ்சியில எப்படி முழிக்கறது?”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். 

“அப்போ உங்களுக்கும் அதே பயந்தானுங்க அங்கிள்?”

“எனக்கா?”

“நானும் அதத்தான எழுதினேன்.”

“நீ எழுதலாம்.”

“நீங்க?”

“நான் எழுத முடியாது. இத்தன வருஷம் போட்டிருந்த சட்டை அப்படி.” சொரூபத்தைப் பார்த்தார். “ஆனா நீ எழுதுனத முதல்ல படிச்சது நான்தான். படிச்சவுடனே ஆத்திரம் வந்துச்சு. நம்ம மனசுல இருக்கறத இந்தப் புள்ள எடுத்து ரோட்டுல வெச்சுட்டாளேன்னு.”

அவள் குடையை விரித்தாள். “வாங்க அங்கிள். சுண்டல் ஆறிரும்.”

அவர் எழுந்து, சிலுவை அடையாளம் போட்டு, சொரூபத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். நான் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு படி இறங்கினேன். பின்னால் அவர்கள் இருவரும். குடை முழுவதும் மாதாவுக்கு மேலேயே இருந்தது. அவரும் அவளும் நனைந்தார்கள். சந்து கீழ் ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடத்தில் கோடை சீசனுக்கு வந்த வண்டிகள் ஊட்டிப் பக்கம் நீளமாக நின்றன. ஒரு காரின் கண்ணாடி இறங்கியது, உள்ளேயிருந்து ஒரு கை போனை நீட்டிப் படம் எடுத்தது. ஹவில்தார் எதையும் பார்க்கவில்லை. பழக்கத்தில் காலை ஒரே அளவாக எடுத்து எடுத்து வைத்தார். அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

“அங்கிள், மாதாவுக்கும் பரேடா? கொஞ்சம் மெதுவாப் போங்க.”

“நீ ஸ்டெப் மாத்து,” என்றார். அவர் சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குப் படி இடம் தரவில்லை.

எங்கள் பின்னால் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. மாதா போவதைக் கண்டவர்கள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கூட வந்தார்கள். தாண்டிப் போகலாம் என்று முந்தின நாள் சொன்ன அம்மாவும் வந்தார். தையல்காரம்மாவின் முன்னறை கொள்ளாமல் படியில் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை என்பதால் துயர மறையுண்மைகள். செபமாலையில் பத்து மணிகள் சேர்ந்த ஒரு பகுதி ஒரு பத்துமணி; ஒவ்வொன்றுக்கும் முன்னால், யாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று மாதாவைக் கொண்டுவந்தவர் சொல்வது வழக்கம். முதல் பத்துமணியை ஹவில்தார் எல்லையில் நிற்கும் பையனுக்காக என்றார்.  இரண்டாவதை அவனோடு நிற்கிற மற்றவர்களுக்காக. மூன்றாவதுக்கு வந்தபோது நின்றுவிட்டார். என்ன சொல்லை எடுக்கப்போகிறார் என்று நான் என்னையும் அறியாமல் காதைத் தீட்டினேன். என்னுடைய எந்தச் சொல்லையும் அவர் எடுக்கவில்லை.

“இந்தப் பத்துமணி, நம்ம பொண்ணு மாதிரி சொல்றவங்களுக்காக,” என்றார்.

அவள் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பதில் செபத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தது அவள் குரல்தான்.

செபம் முடிந்து சுண்டலும் டீயும் வந்தன. ஹவில்தார் தையல்காரம்மாவிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு தடவை சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“எங்க பேட்ச்சுல ஒருத்தன் இருந்தான். சேலம் பக்கம். ஓட்டத்துல என்னையத் தோக்கடிப்பான். பள்ளம் தோண்டச் சொல்லு, மூட்ட தூக்கச் சொல்லு, மொதல்ல நிப்பான். வைக்கோல் பொம்மையத் துப்பாக்கி முனையில குத்திப் பழகற நாள் வந்துச்சு. வந்து நின்னான். பொம்மையப் பாத்தான். ‘வேணாம் சார்’னான். அவ்வளவுதான். திட்டிப் பாத்தாங்க, ஓட விட்டுப் பாத்தாங்க. ஒவ்வொரு நாளும் அதே, ‘வேணாம் சார்’.”

“அப்பறம்?” என்றாள் அவள்.

“அவனுக்குப் பேரே ‘வேணாம்’னு ஆயிடுச்சு. ‘டேய் வேணாம், டீ வேணுமாடா?’ன்னு கேப்போம். ‘வேணும்டா’ம்பான். நாங்க தங்கியிருந்த பாரக்கே சிரிக்கும். கொஞ்ச நாள்ல சமையல்கூடத்துக்கு மாத்திட்டாங்க. எங்களுக்கெல்லாம் ஒரு கரண்டி சேத்துத்தான் ஊத்துவான்.” டம்ளரைக் கீழே வைத்தார். “கிண்டல் பண்ணிருக்கோம், நெறைய. ஆனா ஒருத்தன்கூட அவன கோழைன்னு சொன்னதில்ல. எதுக்க நின்னு ‘வேணாம்’னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு பக்கத்துல நின்னவனுக்குத்தான் தெரியும்.”

“இத நீங்க குரூப்ல போட்டிருக்கலாமுங்க,” என்றாள் அவள்.

“அதான் உங்க சார் இருக்காரே, எழுதறதுக்கு,” என்று என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிதான் அதிகம் சிரித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை மாலை, சண்டை நிறுத்தம் என்ற செய்தி வந்தது. தையல்காரம்மா அப்போது மாதாவை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். குடை பிடித்தது மகள். ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோயில் வாசலில் நிற்கும்போதே அவளுடைய போன் அடித்தது. அண்ணன். அவள் உடனே போனை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா பேசி முடித்து ஹவில்தாரிடம் நீட்டினார். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொடிமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வந்து, “சாப்புட்டானாம்,” என்று மட்டும் சொன்னார்.

குழுவில் அவள் எழுதிய குறிப்பு இப்போதும் அப்படியே இருக்கிறது. அவளை எந்தச் சொல்லால் குறிப்பது என்று என் சேகரிப்பில் ஓர் இடம் விட்டிருந்தேன். அவளிடமே கேட்டேன். “எனக்குப் பேரெல்லாம் வேணாமுங்க அங்கிள்,” என்றாள். அப்படியே எழுதிக்கொண்டேன், தேதியுடன்.

ஹவில்தார் சொன்ன ஆளைப் பற்றி மட்டும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவருடன் பயிற்சி பெற்ற ஒருவர் அருவங்காட்டில் இருக்கிறார். போய்க் கேட்டேன். சமையல்கூடத்துக்கு மாற்றப்பட்ட ஒரு சேலத்துக்காரரை அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் மாற்றியது முழங்கால் அடிபட்டதால் என்கிறார், ‘வேணாம்’ என்ற பெயரைத் தான் கேட்டதே இல்லை என்கிறார். ஹவில்தாரோ, அருவங்காட்டுக்காரன் வேறு பிளட்டூன், அவனுக்கு என்ன தெரியும் என்கிறார். அந்தச் சேலத்துக்காரரின் ஊர் எது, அவர் இருக்கிறாரா என்று இருவருக்குமே தெரியவில்லை. எனவே, வெலிங்டன் பாரக் ஒன்றில், குத்த மாட்டேன் என்ற ஒருவரை ‘வேணாம்’ என்ற பெயரால் அழைத்தார்கள் என்பது ஒரே ஒருவரின் வாய்மொழி. இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.